கை மரத்தால் விதியென்று இராதீர்!

(ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நாம் பேச வந்தது கூலியைப் பற்றியல்ல, போனஸைப் பற்றியுமல்ல. அவை இரண்டையும் சம்பாதித்துத் தருகிற கையைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். நமக்கு நிலமில்லை, ஆலையில்லை, பாங்கியில் பணமில்லை. இருக்கிற சொத்து இரண்டு கைதான். அந்தச் சொத்துக்கு வருகிற ஒரு கேட்டைப் பற்றித் தெரிந்துகொள்வது நமது கடமை.

முதலில் ஒரு கேள்வி. நடுநிசியில் கை மரத்துப்போய், விரல்களில் எறும்பு ஊர்வது போலக் குறுகுறுத்து, தூக்கம் கலைந்து எழுந்து உட்கார்ந்து கையை உதறுகிறவர்கள் இங்கே எத்தனை பேர்? கூச்சப்படாமல் கையைத் தூக்குங்கள். (பல கைகள் உயர்ந்தன.)

பாருங்கள், எத்தனை கைகள்! அதிலும் தாய்மார்களின் கைகளே அதிகம். இதுவரை ஒருவரும் இதைச் சங்கத்தில் வந்து சொன்னதில்லை. ஏன்? இதை ஒரு வியாதியென்றே நாம் நினைக்கவில்லை. "வாயு" என்கிறோம். "ரத்தம் கெட்டுவிட்டது" என்கிறோம். "கையை மடக்கிப் படுத்தேன், அதுதான்" என்கிறோம். ஒன்றும் தோன்றாவிட்டால் "வயதாகிவிட்டது, விதி" என்று சொல்லிவிட்டு, விடிந்ததும் வேலைக்குப் போகிறோம்.

நமக்குத் தெரிந்த ஆலைத் தொழிலாளி ஒரு அம்மா இப்படித்தான் இருந்தார். நாள் முழுவதும் நூல் இழையைப் பிடிப்பதும் முடிவதும் அவர் வேலை. இரவில் கை மரத்தது. உதறினால் சரியாகிவிடும். இரண்டு வருஷம் இப்படியே ஓடியது. எண்ணெய் தேய்த்தார், மருந்துக் கடையில் கேட்டு வலி மாத்திரை விழுங்கினார். பிறகு பகலிலும் மரத்தது. ஒருநாள் அடுப்பிலிருந்து சட்டியை இறக்கினார். விரல் வெந்தது அவருக்குத் தெரியவில்லை. தோல் கருகிய நாற்றம் வந்த பிறகே தெரிந்தது. அப்போதுதான் பெரியாஸ்பத்திரிக்குப் போனார். டாக்டர் அவர் உள்ளங்கையைப் புரட்டிப் பார்த்தார். கட்டைவிரலின் அடியில் மேடாக இருக்க வேண்டிய சதை வற்றிக் குழி விழுந்திருந்தது. "ஏனம்மா இரண்டு வருஷம் சும்மா இருந்தீர்கள்?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு அந்த அம்மா மட்டுமல்ல, நாமும் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள். அதற்காகத்தான் இந்தப் பேச்சு.

இது என்ன வியாதி?

டாக்டர்கள் இதைக் 'கார்ப்பல் டனல் சிண்ட்ரோம்' என்கிறார்கள். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். டனல் என்றால் சுரங்கவழி. மணிக்கட்டில் இருக்கிற சுரங்கவழியில் நரம்பு நெரிபடுகிறது, அவ்வளவுதான். மணிக்கட்டுச் சுரங்க நோய் என்று நாம் சொல்லிக்கொள்வோம்.

உங்கள் உள்ளங்கையை விரித்துப் பாருங்கள். உள்ளங்கையும் மணிக்கட்டும் சேருகிற இடத்தில், உள்ளே 8 சிறு எலும்புகள் வாய்க்காலைப்போல் குழிவாக அமைந்திருக்கின்றன. அந்த வாய்க்காலின் மேலே மூடி போட்டதுபோல் கெட்டியான ஒரு தசைநார்ப் பட்டை குறுக்கே ஓடுகிறது. கீழே எலும்பு, மேலே பட்டை. இந்தக் குறுகிய வழிக்குள் 9 நாண்கள் போகின்றன. விரல்களை மடக்கும் கயிறுகள் இவைதாம். இவற்றோடு ஒரே ஒரு நரம்பும் போகிறது. அதற்கு நடு நரம்பு என்று பெயர்.

ஒரு குழாய்க்குள் ஒன்பது கயிறும் ஒரு மின்சாரக் கம்பியும் போவதாக வைத்துக்கொள்ளுங்கள். கயிறுகளை ஓயாமல் இழுத்தால் அவற்றைச் சுற்றியுள்ள உறை தடிக்கிறது, நீர் கோக்கிறது. குழாய் விரிந்து கொடுக்காது. எலும்புக்கும் பட்டைக்கும் இளக்கம் கிடையாது. அப்போது நசுங்குவது எது? மெதுவான பண்டமாகிய நரம்புதான். நரம்பு நசுங்கினால் அதற்குப் போகும் ரத்த ஓட்டம் குறைகிறது. அதுதான் மரத்தல், அதுதான் குறுகுறுப்பு.

மணிக்கட்டை வளைத்தால் இந்த நெருக்கடி இன்னும் ஏறுகிறது. 1981-ல் அமெரிக்காவில் கெல்பர்மன் என்ற டாக்டரும் அவரோடு சேர்ந்தவர்களும் அந்தச் சுரங்கத்துக்குள்ளேயே மெல்லிய குழாய் செலுத்தி அழுத்தத்தை அளந்தார்கள். நோயில்லாதவர் கையில், மணிக்கட்டு நேராக இருக்கும்போது சராசரி 2.5 மில்லிமீட்டர் பாதரச அளவு. நோயுள்ளவர் கையில் 32. நோயுள்ளவர் மணிக்கட்டை முழுதும் மடக்கினால் 94! இரவில் நாம் கையை மடக்கி முகத்தடியில் வைத்துத் தூங்குகிறோம். ஏன் நடுநிசியில் கை மரக்கிறதென்று இப்போது புரிகிறதல்லவா?

எப்படிக் கண்டுகொள்வது?

இதற்கு ஒரு நல்ல அடையாளம் உண்டு. எந்த விரல் மரக்கிறது என்று பாருங்கள். நடு நரம்பு ஆளுகிற பகுதி கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி. சுண்டுவிரலுக்குப் போவது வேறு நரம்பு. அது இந்தச் சுரங்கத்துக்குள் வருவதில்லை. ஆகவே முதல் மூன்று விரலும் மரத்துச் சுண்டுவிரல் மட்டும் நன்றாயிருந்தால், இரவில் அதிகமாகி, உதறினால் குறைந்தால், பெரும்பாலும் இந்த நோய்தான்.

இன்னொரு சோதனை. இரண்டு புறங்கைகளையும் ஒன்றோடொன்று சேர்த்து, விரல்கள் தரையைப் பார்க்க, மணிக்கட்டை நன்றாக மடக்கி ஒரு நிமிஷம் வைத்திருங்கள். அந்த ஒரு நிமிஷத்துக்குள் அதே விரல்களில் மரமரப்பு வந்தால் டாக்டரிடம் போக வேண்டியதுதான். இதை வழக்குக்குக் கொண்டுவந்தவர் ஃபேலன் என்ற அமெரிக்க டாக்டர். நரம்பில் மின்னோட்டம் எவ்வளவு வேகமாகப் போகிறதென்று அளந்து பார்க்கும் பரிசோதனையும் பெரிய ஆஸ்பத்திரிகளில் உண்டு.

ஆனால் ஓர் எச்சரிக்கை. கை மரப்பதெல்லாம் இந்த நோயல்ல. கழுத்தெலும்பில் நரம்பு நெரிந்தாலும் கை மரக்கும். சர்க்கரை வியாதியில் இரு பாதங்களும் மரக்கும். தோலில் உணர்ச்சியில்லாத வெளிறிய தேமல் இருந்தால் அது தொழுநோயாக இருக்கலாம். அதற்கு இலவசமாக மருந்து உண்டு, முற்றிலும் குணமாகும், மறைக்காதீர்கள். திடீரென்று ஒரு பக்கக் கையும் காலும் விழுந்து, வாய் கோணி, பேச்சுக் குழறினால் அது பாரிசவாயு. அதற்கு ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

ஏன் வருகிறது?

தோழர்களே! இங்கேதான் நாம் நிதானமாகப் பேச வேண்டும்.

"எல்லாம் வேலையால்தான் வந்தது" என்று சொல்லிவிட்டால் கைதட்டல் கிடைக்கும். ஆனால் அது முழு உண்மையல்ல. சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்கு இது அதிகம் வருகிறது. கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி சோர்ந்தவர்களுக்கு வருகிறது. மூட்டுவாதம் உள்ளவர்களுக்கும், உடல் பருத்தவர்களுக்கும், மணிக்கட்டு எலும்பு முறிந்து கூடியவர்களுக்கும் வருகிறது. கர்ப்பிணிகளுக்கு உடம்பில் நீர் கோப்பதால் வரும். பிரசவத்துக்குப் பின் பெரும்பாலும் தானே போய்விடும். ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம். வேறு காரணமே தெரியாமலும் பலருக்கு வருகிறது. டாக்டர் ஃபேலன் 17 வருஷ காலத்தில் தாம் பார்த்த 654 கைகளைப் பற்றி 1966-ல் எழுதினார். நடுத்தர வயதுப் பெண்களே அவரிடம் அதிகம் வந்தார்கள். தொழிலை அவர் முக்கிய காரணமாக ஒப்புக்கொள்ளவில்லை.

இதைப் பிடித்துக்கொண்டு மானேஜர் சொல்கிறார்: "உனக்குச் சர்க்கரை இருக்கிறது, ஆலை என்ன செய்யும்?" "வீட்டில் துணி துவைக்கிறாய், மாவாட்டுகிறாய், அதனால் வந்தது!"

நமது பதில் என்ன? காரணம் ஒன்றாகத்தான் இருக்க வேண்டுமென்று யார் சொன்னது? பலவீனமான கரையுள்ள ஏரி இருக்கிறது. வெள்ளம் வந்து கரை உடைகிறது. கரை பலவீனம் என்பதால் வெள்ளத்துக்குப் பங்கில்லையா? ஃபேலனுக்குப் பிறகு பல நாடுகளில் ஆராய்ந்து கண்ட உண்மை இதுதான்: பலமாகப் பற்றிப் பிடிக்கும் வேலை, ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும் வேலை, மணிக்கட்டை வளைத்தே செய்யும் வேலை, கை நடுங்க அதிரும் எந்திரத்தைப் பிடிக்கும் வேலை ஆகியவை இந்த நோயை உண்டாக்க வல்லவை. பலமும் வேகமும் ஒன்றாகச் சேர்ந்தால் ஆபத்து மேலும் அதிகம். சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 2010-ல் திருத்திய தொழில் நோய்ப் பட்டியலில் இந்த நோயைப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. பிரிட்டனில் அதிரும் கருவி பிடித்தவர்களுக்கு இது தொழில் நோயென்று 1993-லேயே ஒப்புக்கொண்டார்கள்.

இப்போது நம் வேலைகளை எண்ணிப் பாருங்கள். இழை முடிவது, பிசிறு வெட்டுவது, கத்தரி பிடிப்பது, கரும்பு வெட்டுவது, கதிர் அறுப்பது, களை பிடுங்குவது, பால் கறப்பது, பீடி சுற்றுவது, கல்லில் துளை போடுவது. இவற்றில் மணிக்கட்டுக்கு ஓய்வு தருகிற வேலை எது? அதிலும் பீஸ் ரேட் என்றால், ஓய்வெடுக்கிற நிமிஷத்துக்குக் காசு கிடையாது. மரத்த கையை உதறிவிட்டு மறுபடி ஓடுகிறோம்.

அமெரிக்காவில் நடந்தது

இது ஏழை நாட்டுத் தொல்லை மட்டுமே என்று எண்ண வேண்டாம். பணக்கார நாடான அமெரிக்காவில் என்ன நடந்தது என்பதையும் கேளுங்கள்.

கெண்டகி மாநிலத்தில் டொயோட்டா மோட்டார் தொழிற்சாலை. அங்கே எஞ்சின் பிரிவில் காற்றழுத்தக் கருவி பிடித்து வேலை செய்த ஒரு பெண் தொழிலாளிக்கு இரண்டு கையிலும் இந்த நோய் வந்தது. வேலையை மாற்றித் தந்தார்கள். பிறகு கையைத் தோளுயரத்தில் தூக்கி நெடுநேரம் துடைக்கும் வேலையையும் சேர்த்தார்கள். வலி திரும்பியது. முடிவில் வேலை போயிற்று. வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை சென்றது. 2002 ஜனவரியில் 9 நீதிபதிகளும் ஒருமுகமாகச் சொன்னது என்ன? வேலையில் என்ன செய்ய முடியவில்லை என்பதை மட்டும் பார்த்தால் போதாது. பல் துலக்குவது, குளிப்பது, வீட்டுவேலை செய்வது முதலியவற்றை அவளால் செய்ய முடிகிறதா என்று பார்க்க வேண்டுமாம்! பல் துலக்கினால் யாராவது சம்பளம் கொடுப்பார்களா? இந்தத் தீர்ப்பின் குறுகிய பார்வையை நீக்க 2008-ல் அந்நாட்டுக் காங்கிரஸ் சட்டத்தையே திருத்த வேண்டி வந்தது.

இன்னொன்று. இப்படிப்பட்ட கை, முதுகு நோய்களைத் தடுக்க முதலாளிகள் என்னென்ன செய்ய வேண்டுமென்று அந்நாட்டுத் தொழில் பாதுகாப்பு இலாகா 2000 நவம்பரில் விதி வெளியிட்டது. 2001 ஜனவரியில் அது அமலுக்கு வந்தது. "செலவு தாங்காது" என்று முதலாளிகள் கூக்குரலிட்டார்கள். மார்ச் மாதத்தில் காங்கிரஸ் அதை ரத்து செய்தது. ஜனாதிபதி புஷ் கையெழுத்திட்டார். விதியின் ஆயுள் இரண்டே மாதம்! மருத்துவ அறிவு இருந்தது, விதியும் எழுதியாயிற்று. அதைக் காப்பாற்றும் பலம் மட்டும் போதவில்லை. இதில் நமக்குப் பாடம் இருக்கிறது.

சிகிச்சை என்ன?

இனி நல்ல செய்திக்கு வருவோம். சீக்கிரம் வந்தால் இந்த நோய் பெரும்பாலும் நல்லபடியாகத் தணியும்.

முதற்படி, இரவில் மணிக்கட்டுப் பட்டை. மணிக்கட்டை வளையவிடாமல் நேராக வைக்கிற பட்டை இது. சுமார் ஆறு வாரம் ஒழுங்காகக் கட்டித் தூங்கினால், ஆரம்ப நிலையில் உள்ள பலருக்கு மரப்பு குறைகிறது. இறுக்கிக் கட்டக்கூடாது, கையை நேராக வைப்பதே நோக்கம். கூடவே சர்க்கரைக்கும் தைராய்டுக்கும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அவை இருந்தால் அவற்றுக்கும் வைத்தியம் வேண்டும்.

இரண்டாவது, சுரங்கத்தருகே போடுகிற ஸ்டீராய்டு ஊசி. வீக்கத்தை வற்றவைக்கும். சில வாரமோ சில மாதமோ நல்ல சுகம் தெரியும். பலருக்குத் திரும்பவும் வரும். சர்க்கரை உள்ளவர்களுக்குச் சில நாள் சர்க்கரை ஏறலாம்; முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லுங்கள்.

மூன்றாவது, ஆபரேஷன். அந்தக் கெட்டிப் பட்டையை வெட்டி வழியை அகலமாக்குவதுதான் வேலை. கையை மட்டும் மரக்கச் செய்து, பெரும்பாலும் அரைமணிக்குள் முடித்து, அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். இரவு வலி பலருக்குச் சில நாளிலேயே விலகுகிறது. ஆனால் உள்ளங்கைத் தழும்பு சில காலம் நோகும். பிடி பலம் திரும்ப இரண்டு மூன்று மாதம் ஆகலாம். கனத்த வேலைக்கு ஆறு வாரம் முதல் மூன்று மாதம்வரை பொறுக்க வேண்டும். பட்டையை வெட்டலாமே என்று 1913-லேயே பிரெஞ்சு டாக்டர்கள் மாரியும் ஃபுவாவும் எழுதினார்கள். நூறாண்டுக்கு மேலாகத் தெரிந்த வைத்தியம், பயம் வேண்டாம்.

வலி மாத்திரை இந்த நோயைத் தீர்ப்பதில்லை. மாதக்கணக்கில் விழுங்கினால் வயிறும் சிறுநீரகமும் கெடும். மணிக்கட்டைப் போட்டு அழுத்தித் தேய்ப்பதாலும் நரம்புக்கு விடுதலை கிடைக்காது. எல்லாவற்றுக்கும் மேலாக, கட்டைவிரல் சதை வற்றும்வரை காத்திராதீர்கள். நரம்பு நெடுங்காலம் நசுங்கிச் செத்துவிட்டால், ஆபரேஷன் செய்தாலும் சதையும் உணர்ச்சியும் முழுதாகத் திரும்புவதில்லை. நாம் சொன்ன அந்த அம்மாவுக்கு ஆபரேஷனுக்குப் பின் இரவு வலி போயிற்று. தூங்குகிறார். ஆனால் இன்றும் ரவிக்கைப் பொத்தானை மகள்தான் போட்டுவிடுகிறாள்.

நாம் செய்ய வேண்டியது

மூன்று மாத வைத்தியம் செய்து, திரும்ப அதே வேலைக்கு, அதே வேகத்துக்கு, அதே கருவிக்குப் போனால் என்ன பயன்? ஆகவே வைத்தியத்தோடு வேலையும் மாற வேண்டும்.

நம் கையில் இருப்பதை நாமே செய்வோம். அரிவாளையும் கத்தரியையும் தீட்டி வைப்போம். மழுங்கிய கருவிக்கு இரட்டிப்புப் பலம் வேண்டும். ஒல்லியான பிடிக்குத் துணி சுற்றிக் கைக்கு அடக்கமாக ஆக்குவோம். கூடியவரை மணிக்கட்டை நேராக வைத்து வேலை செய்வோம். இடையிடையே கையைத் தொங்கவிட்டு விரல்களை விரித்து மடக்குவோம். வீட்டில் மனைவியின் கை மரக்கிறதென்றால், துணி பிழிவதையும் குடம் தூக்குவதையும் ஆண்கள் ஏற்றுக்கொள்வோம். இதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை, தோழர்களே! (சிரிப்பு.)

நிர்வாகத்திடம் கேட்க வேண்டியதைச் சேர்ந்து கேட்போம். ஒரே ஆளை நாள் முழுதும் ஒரே அசைவில் நிறுத்தாமல் வேலையை மாற்றி மாற்றித் தர வேண்டும். கூலிக் குறைவில்லாமல் சிறு இடைவேளைகள் வேண்டும். கைக்கேற்ற கருவியும், உயரத்துக்கேற்ற மேஜையும் வேண்டும். ஆபரேஷன் ஆனவருக்குச் சம்பளத்தோடு லீவும், திரும்பியதும் லேசான வேலையும் வேண்டும். இவை தர்மமாகக் கேட்பவையல்ல, நியாயமாகக் கேட்பவை.

கடைசியாக ஒன்று. இத்தாலியில் ரமஸ்ஸினி என்ற வைத்தியர் இருந்தார். தொழிலாளர்களின் நோய்களைப் பற்றி 1700-ல் ஒரு நூல் எழுதினார். எழுத்து வேலை செய்வோரின் கை, ஓயாத ஒரே அசைவால் சோர்ந்து விழுவதையும் அவர் குறித்துவைத்தார். நோயாளியிடம் வைத்தியர் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்க வேண்டுமென்றார்: "நீ என்ன தொழில் செய்கிறாய்?"

முந்நூறு வருஷம் கடந்துவிட்டது. ஆஸ்பத்திரிக் கூட்டத்தில் டாக்டருக்கு அதைக் கேட்க நேரமில்லாமல் போகலாம். அவர் கேட்காவிட்டால் நாமே சொல்வோம். என்ன வேலை, ஒரு நாளைக்கு எத்தனை மணி, எத்தனை வருஷம் என்று சொல்லி, அதைச் சீட்டில் எழுதித் தரும்படி கேட்போம். சீட்டைப் பத்திரப்படுத்திச் சங்கத்துக்கும் காட்டுவோம். ஒருவர் சீட்டை மட்டும் காட்டினால் "உன் உடம்புக் கோளாறு" என்பார்கள். ஒரே பிரிவிலிருந்து இருபது சீட்டு வந்தால் அப்படிச் சொல்லித் தப்ப முடியாது.

இன்று இந்தக் கூட்டத்தில் கையைத் தூக்கினீர்களே, அந்தக் கைகளோடு நாளைக் காலையிலேயே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தனியாகப் போகத் தயங்கினால் சொல்லுங்கள், நாமும் கூட வருகிறோம்.